தவளக்குப்பத்தில் ஒரு பெரியம்மை

அந்தக் காலத்து வேலை விண்ணப்பங்களில் எனக்குப் பிடிக்காத கட்டம் ஒன்று உண்டு. பெயர், தகப்பனார் பெயர், படிப்பு எல்லாம் எழுதி முடித்து நிமிரும்போது, ‘முன் அனுபவம்’ என்று கேட்டுக்கொண்டு அது காலியாகக் கிடக்கும். நான் அதில் நீளமாக ஒரு கோடு போடுவேன். இருபத்திரண்டு வயதுக்குள் எத்தனை கோடு போட்டேன் என்று கணக்கில்லை. கோடு கொஞ்சம் கோணினால் இன்னொரு முறை அழுத்திப் போடுவேன். கோபம்தான், வேறென்ன.

வேலை கிடைத்தால்தான் அனுபவம் வரும், அனுபவம் இருந்தால்தான் வேலை தருவார்கள். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்கிற கதைதான். விலங்கியல் பட்டம் வாங்கிக்கொண்டு முதலியார்பேட்டை வீட்டில் ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். அப்பா மில்லில் வேலை பார்த்தார். மில் ஒரு மாதம் ஓடும், ஒரு மாதம் நிற்கும்.

மாமா ஒரு வேலை பார்த்து வைத்திருந்தார். பெரிய கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடை. முதலாளி அவருக்குத் தெரிந்தவர். “கவுண்ட்டர்ல நிக்கறது இல்ல. பின்னாடி கோடவுன்ல துணி மடிச்சு வெக்கற வேல. மொகம் பாக்கற வியாபாரமில்லியா, அவரு அப்படித்தான் சொல்லுவாரு” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. எனக்கு நாலு வயதில் பெரியம்மை வார்த்தது. பிழைத்தேன். முகத்தில் நெற்றியிலிருந்து தாடை வரை அதன் தடம் இருக்கிறது. கோடவுன் என்றால் எதற்கு என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

“மூணு மாசம் குடும்மா. அதுக்குள்ள நானே ஒரு வேல தேடிக்கறேன். இல்லன்னா கோடவுனுக்குப் போறேன்” என்று அம்மாவிடம் சொன்னேன். வீராப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, எங்கே தேடுவது என்று தெரியாது.

அந்த வாரமே அம்மாவுக்குக் கால் வீக்கத்துக்கு மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாத்திரை கவுண்ட்டரில் பெண்கள் வரிசை பாம்பு மாதிரி வளைந்து ஒரு பழைய கட்டடத்தின் பக்கவாட்டுக் கதவு வரை வந்திருந்தது. நான் நின்ற இடத்தில் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நோயாளிகளின் பதிவேடுகளில் நோய்க்குறியீடு எழுத, தற்காலிகமாக ஒருவர் தேவை. உயிரியல் படித்திருக்க வேண்டும். அனுபவம் விரும்பத்தக்கது. வரிசை நகராததால் அதை ஆறேழு தடவை படித்தேன். விரும்பத்தக்கது என்றுதான் போட்டிருக்கிறது, கட்டாயம் என்று போடவில்லை. எனக்குப் பின்னால் நின்ற அம்மாளிடம் இடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே கூரை வரைக்கும் கேஸ் ஷீட்டுக் கட்டுகள். நடுவில் ஒரு மேஜை. அதற்குப் பின்னால் வெள்ளைச் சட்டையில் மெலிந்த ஒருவர். அந்தப் பிரிவின் தலைமைக் குமாஸ்தா அவர். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர் என்பதால் ஆபீஸில் எல்லோருக்கும் அவர் ‘முசே’, பிரெஞ்சில் ‘ஐயா’. சிரித்துப் பேசுகிற ரகம் இல்லை.

“இந்த வேலைல அனுபவம் இருக்கா?”

“இப்பிடி ஒரு வேல இருக்கறதே இப்பத்தான் தெரியுங்க. அனுபவத்துக்கு எங்க போறது?”

எனக்கு வாய் எப்போதும் முந்திக்கொள்ளும். அவர் கோபப்பட்டாரா என்று தெரியவில்லை. ஒரு கேஸ் ஷீட்டை எடுத்து என் பக்கம் தள்ளி, “படி” என்றார். டாக்டர் எழுத்து. கோழி கிண்டிய குப்பை மாதிரி இருந்தது. ஆனால் கல்லூரியில் எங்கள் விலங்கியல் பேராசிரியரின் எழுத்து இதைவிட மோசம். மூன்று வருஷம் அதைப் படித்துத்தான் பாஸ் செய்தேன். தடுக்காமல் படித்துவிட்டேன். முசே இன்னும் இரண்டு ஷீட்டுகளைத் தள்ளினார். அதையும் படித்தேன்.

“மூணு மாசம் தினக்கூலி. சரியா வந்தா, நிரந்தர எடம் ஒண்ணு காலியா இருக்கு, அதுக்கு எழுதிப் போடலாம். வரலன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது” என்றார். நான் அம்மாவிடம் கேட்டதும் அதே மூன்று மாதம்தான். அன்று மாத்திரை வாங்க மறந்து வீட்டுக்கு வந்து திட்டு வாங்கினேன்.

வேலை இதுதான். வீட்டுக்கு அனுப்பப்பட்ட நோயாளிகளின் கேஸ் ஷீட்டுகள் கட்டாக வரும். ஒவ்வொன்றிலும் டாக்டர் எழுதிய நோய்க்கு ஒரு எண் உண்டு. உலகம் முழுக்க ஒரே எண். எங்கள் ஊர் டைபாய்டும் பாரிஸ் டைபாய்டும் ஒரே எண்தான். அதைக் கண்டுபிடிக்க இரண்டு தடித்த புத்தகங்கள். முதல் புத்தகத்தில் நோய்களின் பெயர்கள் அகரவரிசையில் இருக்கும். அதில் பார்த்தால் ஒரு எண் கிடைக்கும். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு இரண்டாவது புத்தகத்துக்குப் போக வேண்டும். அங்கே அந்த எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில், இது இங்கே சேரும், அது இங்கே சேராது, வேறு எண்ணுக்குப் போ என்று போட்டிருக்கும். அதையும் படித்த பிறகுதான் ஷீட்டின் மூலையில் சிவப்பு மையில் எண்ணை எழுதி, பக்கத்தில் நம் இனிஷியலைப் போட வேண்டும். முசே முதல் நாளே சொன்ன ஒரே சட்டம், ரெண்டு புத்தகமும் பார்க்காமல் சிவப்புப் பேனாவைத் தொடாதே என்பது.

அந்த முதல் நாள், அவர் டீ குடிக்கப் போன நேரத்தில், நான் புத்தகத்தில் என் நோயைத் தேடினேன். இருந்தது. பூச்சியம் ஐந்து பூச்சியம். எனக்கு எப்படியோ இருந்தது. வீட்டில் அந்த நோயின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ‘ஆத்தா வந்துட்டுப் போனா’ என்பார்கள், வாசலில் வேப்பிலை செருகியதைச் சொல்வார்கள். இங்கே அது காலராவுக்குப் பின்னால், தட்டம்மைக்கு முன்னால், ஒரு எண்ணோடு சாதாரணமாக உட்கார்ந்திருந்தது.

முசே திரும்பி வந்து எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று பார்த்தார்.

“அது ஒனக்கு வேணாம். அந்த நோய் ஒலகத்துலயே ஒழிஞ்சுபோச்சு. அந்த நம்பர இனிமே யாரும் போடப் போறதில்ல.”

நல்ல செய்திதான். இரண்டொரு வருஷம் முன்பு ரேடியோவிலும் சொன்னார்கள். ஆனால் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஒழிந்துபோன ஒன்றுக்காகவா என்னைக் கோடவுனில் உட்காரச் சொல்கிறார்கள்? அன்றிலிருந்து அந்த எண் எனக்கு மனப்பாடம்.

இரண்டு மாதம் நன்றாகவே போனது. காலையில் அப்பாவின் சைக்கிளில் போவேன், ஐந்தரைக்குத் திரும்புவேன். அந்த அறையில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் ஷீட்டைப் பார்த்தார்கள். நெல்லித்தோப்பில் எந்தத் தெருவில் காமாலை பரவுகிறது என்று அந்தத் தெருக்காரர்களுக்கு முன்பே எனக்குத் தெரிந்தது. ஒரே தெருவிலிருந்து நாலு ஷீட் வந்தபோது முசேவிடம் காட்டினேன். அவர் ‘ம்’ என்றார். அந்த ‘ம்’ எனக்குப் போதுமானதாக இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு ஒரு காரியம் நன்றாக வருகிறது என்று நினைத்தேன். அப்படி நினைத்த வாரத்தில்தான் அந்த ஷீட் வந்தது.

தவளக்குப்பத்துக்காரர், வெற்றிலைப் பாக்குக் கடை வைத்திருப்பவர், ஐம்பது வயது. வலது கண்ணில் புரை, ஆபரேஷன் ஆகியிருக்கிறது. அதற்குக் கீழே டாக்டர் இன்னொரு வரி எழுதியிருந்தார். இடது கண் பெரியம்மையால் பூ விழுந்து பார்வை இல்லை.

புரைக்கு இரண்டு புத்தகமும் பார்த்து எண் போட்டேன். அடுத்த வரிக்கு நான் எந்தப் புத்தகத்தையும் தொடவில்லை. பேனா தானாகப் போனது. பூச்சியம் ஐந்து பூச்சியம். அழுத்தி எழுதினேன் என்றுகூட நினைவிருக்கிறது. யாரும் போடப் போவதில்லை என்றாரே, இதோ போட்டுவிட்டேன் என்று ஒரு அற்பத் திருப்தி. இனிஷியல் போட்டு ஷீட்டைக் கட்டில் சேர்த்தேன்.

மாதம் முடிந்ததும் எந்த எண்ணில் எத்தனை பேர், எந்த ஊர் என்று ஒரு பட்டியல் சுகாதார அதிகாரிகளுக்குப் போகும். போனது. நாலாம் நாள் காலை எங்கள் அறை வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. இரண்டு அதிகாரிகள் இறங்கினார்கள். மூத்தவர் கையில் எங்கள் பட்டியல்.

“தவளக்குப்பத்துல பெரியம்மையா? யாருங்க இதப் போட்டது?”

முசேவின் முகம் வெளுத்துவிட்டது. ஒழிந்துவிட்டது என்று உலகமே முரசு அறைந்த நோய், எங்கள் பட்டியல்படி தவளக்குப்பத்தில் வெற்றிலை விற்றுக்கொண்டிருந்தது. அவர் கட்டைப் பிரித்து ஷீட்டை எடுத்து மேஜையில் வைத்தார். மூலையில் சிவப்பு மையில் என் இனிஷியல். அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர்கள் முன்னால் என் பெயரைச் சொல்லவில்லை. போயிற்று, கோடவுன்தான் என்று மனசு சொல்லிவிட்டது.

“நாந்தான் முசே.”

“ரெண்டாவது புத்தகம் பாத்தியா?”

“பாக்கல.”

“ஏன்?”

“அந்த நம்பர் எனக்கு மனப்பாடம்.”

இளைய அதிகாரி அப்போதுதான் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்துகொண்டு கண்ணைத் தாழ்த்தினார். திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன், அந்தப் பரிதாபத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

முசே இரண்டாவது புத்தகத்தை எடுத்து என் முன்னால் போட்டார். ஐம்பதாம் எண்ணுக்குப் போனேன். அது இப்போது உடம்பில் நோய் இருப்பவர்களுக்கு. நோய் வந்து போய், அது விட்டுச்சென்ற கோளாறு மட்டும் மிஞ்சியிருந்தால் வேறு இடம். தேடிக்கொண்டே போனேன். நூற்று முப்பத்தொன்பது. தொற்றுநோய்களின் பின்விளைவு. அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். இத்தனை பேர் நிற்கிறார்களே என்று பார்க்காமல் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேலை போகப் போகிறதே என்பதற்காக மட்டும் இல்லை.

மூத்த அதிகாரிக்குத் தப்பு எது என்று விளங்கிவிட்டது. ஆனாலும், “எழுத்துல வந்துட்டா ஆளப் பாக்காம அந்த நம்பர அடிக்க முடியாதும்மா. போய்ப் பாத்துட்டு எழுதணும்” என்றார்.

“நானும் வர்றேங்க” என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. முசே கையை அசைத்து, போ என்றார்.

ஜீப் கடலூர் சாலையில் முதலியார்பேட்டை வழியாகத்தான் போயாக வேண்டும். எங்கள் தெரு முனையில் அடிபம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த அத்தனை பெண்களும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அவர்கள் அதிகாரத் தோரணை என்று எடுத்துக்கொண்டது பிறகுதான் தெரிந்தது.

தவளக்குப்பம் கூட்டுரோட்டில் அவர் கடையைக் கண்டுபிடிக்கக் கஷ்டமே இல்லை. வலது கண்ணுக்குப் பச்சைத் துணி மறைப்பு கட்டிக்கொண்டு, விரலால் தடவித் தடவி வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தார். ஜீப்பைக் கண்டதும் சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது.

“ஐயா, ஒங்களுக்குப் பெரியம்மை இருக்குன்னு ரிப்போர்ட் வந்துருக்கு” என்றார் அதிகாரி.

“வாத்துது. எட்டு வயசுல” என்றார் அவர் நிதானமாக. “நாப்பத்திரெண்டு வருசம் ஆவுது. இப்பத்தான் ஜீப்பு வருதா?”

கூட்டம் சிரித்தது. டிரைவர் சிரித்தார். மூத்த அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் கையையும் நெற்றியையும் தொட்டுப் பார்த்து, தாளில் எழுதத் தொடங்கினார். நான் முன்னால் போனேன்.

“தப்பு என்னோடதுங்க. ஒங்க நோய்க்கு நம்பர மாத்திப் போட்டுட்டேன்.”

அவர் குரல் வந்த திசைக்குத் திரும்பினார். ஆபரேஷன் ஆன கண்ணுக்குக் கண்ணாடி இன்னும் வரவில்லை, என்னை அவரால் பார்க்க முடியாது.

“நோய்க்கு நம்பர் போடறதுக்கெல்லாம் சம்பளமா பாப்பா?”

“தினக்கூலிங்க. நாளைலேருந்து அதுவும் இருக்குமான்னு தெரியல.”

“அப்பிடியா சேதி” என்றவர், தொங்கிக்கொண்டிருந்த தாரைத் தடவி ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்து நீட்டினார். “மொதல்ல இத சாப்புடு.”

கூட்டத்துக்கு நடுவில் நின்று அந்தப் பழத்தைத் தின்றேன். பசிதான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அம்மா கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள். எனக்குக் கவர்மெண்டில் ஜீப்போடு வேலை ஆகிவிட்டதாக அடிபம்பு வழியாகச் செய்தி வந்திருக்கிறது. நடந்ததைச் சொன்னேன். அம்மா கரண்டியை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள். பிறகு, “கிண்டினது கிண்டியாச்சு, தின்னு” என்றாள்.

மறுநாள் முசே என்னை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. பட்டியலைத் திருத்தி அனுப்பிவிட்டு, எனக்குப் புதிய ஷீட் எதுவும் தராமல் தன் வேலையைப் பார்த்தார். என் மூன்று மாதம் முடிய இரண்டு வாரம் இருந்தது. சும்மா உட்கார எனக்கு வராது. நான் வந்த நாளிலிருந்து எண் போட்ட அத்தனை ஷீட்டுகளையும் இறக்கி, ஒவ்வொன்றையும் இரண்டு புத்தகத்திலும் மறுபடி பார்க்க ஆரம்பித்தேன். ஒரு தப்பு தெரிந்தது, ஜீப் வந்ததால். ஜீப் வராத தப்பு எத்தனை இருக்கிறதோ? தூசியில் தும்மல் நிற்கவில்லை. பத்து நாள் ஆனது. பதினொரு தப்பு கிடைத்தது. ஒரு தாளில் எழுதினேன்.

அந்தப் பதினொன்றோடு நின்றிருந்தால் கதை சுலபம். கட்டுகளில் நான் எண் போடாத சில ஷீட்டுகளும் கலந்திருந்தன. அவற்றையும் பார்த்துவைத்தேன். அதில் மூன்று தப்பு, அவற்றை இன்னொரு தாளில் எழுதினேன். இனிஷியல் என்னுடையது இல்லை. முசேவுடையது.

இரண்டு நாள் அந்த இரண்டு தாளையும் டிபன் பைக்குள் வைத்துக்கொண்டு அலைந்தேன். என் வேலை அவர் கையில் இருக்கிறது. இதைப் போய்க் கொடுப்பது, உட்கார்ந்திருக்கும் கிளையை நானே வெட்டுவது. கொடுக்காமல் விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் எனக்குத் தெரியுமே. ஷீட்டில் இருப்பவர் ஒரு ஆள்தானே, தப்பு நம்பரோடு கட்டில் கிடப்பது அவர்தானே. மூன்றாம் நாள் இரண்டு தாளையும் அவர் மேஜையில் வைத்தேன்.

முதல் தாளைப் படித்தார். “இது யாருக்கும் தெரியாதே. எதுக்குக் குடுக்கற?”

“அடுத்த ஜீப்பு வர்றதுக்கு முன்னாடி முசே.”

இரண்டாவது தாளைப் படித்தார். நெடுநேரம் படித்தார். மூன்றே வரிதான்.

“இது என் இனிஷியல்.”

“ஆமாம் முசே.”

அவர் எழுந்துபோய் அந்த மூன்று ஷீட்டையும் தானே எடுத்து வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் புத்தகம், இரண்டாவது புத்தகம் என்று வரிசையாகப் பார்த்தார். மூன்றிலும் பழைய எண்ணை அடித்து, புதியதை எழுதி, பக்கத்தில் இனிஷியல் போட்டார். பிறகு டீ குடிக்கப் போய்விட்டார்.

திரும்பி வந்தவர் அலமாரியிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். நிரந்தர வேலைக்கு. நிரப்பினேன். பெயர், தகப்பனார் பெயர், படிப்பு. அந்தக் கட்டம் வந்தது. பழக்க தோஷத்தில் கோடு போடப் பேனாவைச் சாய்த்தேன்.

“கோடு போடாதே” என்றார் முசே. தாளைத் தன் பக்கம் திருப்பி, அவரே எழுதினார். மூன்று மாதம், நோய்க்குறியீட்டுப் பணி, பிழை திருத்தும் திறனோடு. எழுதிவிட்டு என்னிடம் தள்ளினார். அந்த மனிதரிடமிருந்து நான் வாங்கிய பாராட்டு அவ்வளவுதான். இன்றைக்கும் எனக்கு அது போதும்.

உத்தரவு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அது வந்த வாரத்தில் ஒருநாள் மத்தியானம், சோடாபுட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருவர் எங்கள் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கண்ணாடி வாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தவர், நம்பர் போடுகிற பெண் எங்கே என்று விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

“வேல இருக்கா, போச்சா?” என்றார்.

“இருக்குங்க. நிரந்தரமாயிடுச்சு.”

குரலை வைத்து என்னை அடையாளம் கண்டுகொண்டு பக்கத்தில் வந்தார். புதுக் கண்ணாடி. எல்லாவற்றையும் கொஞ்சம் அதிகமாகவே உற்றுப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். நெற்றியிலிருந்து தாடை வரை, அவசரமில்லாமல். யாராவது அப்படிப் பார்த்தால் எனக்கு முகம் தானாகத் திரும்பிக்கொள்ளும். அன்றைக்குத் திரும்பவில்லை.

“ஒனக்குமா பாப்பா?”

“எனக்குந்தான். நாலு வயசுல.”

“அட” என்றார். “அப்போ எனக்கு என்ன நம்பர் போட்டே இப்போ?”

“நூத்தி முப்பத்தொம்போது. நோய் போயிடுச்சு, தடம் மட்டும் இருக்குன்னு அர்த்தம்.”

“ஒனக்கு?”

“அதே நம்பர்தாங்க.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டு, சீப்பை மேஜையில் கேஸ் ஷீட்டுகளின் மேல் வைத்தார்.